‘ஏ’ படிவத்தோடு நின்றுவிடாதீர்கள்: பழனி மலை வன உரிமைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

பழனி மலையின் பளியர், புலையர் குடியிருப்புகளில் வன உரிமைக் குழுப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

குழு அமைந்ததும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது ‘ஏ’ படிவம். வீட்டுக்கு ஒரு பட்டா என்பது கண்ணுக்குத் தெரியும் பலன், அதனால் அதில் தவறில்லை. ஆனால் பட்டா கைக்கு வந்ததும் தீர்மானப் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தந்திருப்பது மூன்று படிவங்கள். தனிக் குடும்பத்தின் நிலத்துக்கு ‘ஏ’, ஊர் முழுவதும் காட்டைப் பயன்படுத்தும் உரிமைகளுக்கு ‘பி’, ஊரைச் சூழ்ந்த காட்டைக் காத்து நிர்வகிக்கும் உரிமைக்கு ‘சி’. ஒரு குடும்பத்தின் அன்றாடம் அதிகம் மாறுவது பின்னிரண்டில்தான்.

1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் கீழ்க் காப்புக்காடு என்று எல்லை போட்டபோது, எல்லைக்குள் தலைமுறைகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. சொந்த ஊரிலேயே ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அந்த நிலையை மாற்றிய அரசியல் முடிவு 2006 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் எடுக்கப்பட்டது. பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் நடந்தது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. 2007 டிசம்பர் 31 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது, மறுநாள் விதிகள் வந்தன. நம் மாநிலத்தில் 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது நின்றுபோனது. 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் மனுக்கள் நகர ஆரம்பித்தன. ஆக, மற்ற மாநிலங்களை விட எட்டு வருடம் பின்தங்கித்தான் நாம் நிற்கிறோம். 2008, 2009இல் கொடுத்த மனுக்கள் என்னவாயின என்று உங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்றால், அந்தப் பெயர்களைப் பட்டியலிட்டு கிராம சபையில் ஒரு தீர்மானமாகவே போட்டு, நிலை என்ன என்று சப்-கலெக்டருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ (ஆர்.டி.ஓ.) எழுதிக் கேளுங்கள்.

இப்போது கீழ்மலையில் ஒரு பளியர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கணவனின் தாய், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குக் கீழே சரிவில் கொஞ்சம் காப்பி, மரத்தில் ஏறிய மிளகு, நாலு எலுமிச்சை. மீதி நாளெல்லாம் எஸ்டேட் கூலியும் காடும்தான். தேன் காலத்தில் தேன், அதன் பிறகு கடுக்காய், நெல்லி, சீமாற்றுப் புல், கல்பாசி. பழைய ஏற்பாட்டில் இந்தச் சரக்கெல்லாம் குத்தகைக்காரருடையது. அவர் ஏலம் எடுத்திருப்பார், முன்பணம் கொடுத்திருப்பார், அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். வேறு ஆளுக்குக் கொடுத்தால் அது திருட்டு. சரிவில் காப்பி நட்டதற்கு அபராதம். ஓடைத் தண்ணீருக்குக் குழாய் இழுத்தால் அதற்கும் ஒரு வழக்கு.

தனிநபர் பட்டா அந்தக் குடும்பத்துக்கு என்ன தருகிறது? 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து கையில் இருக்கும் நிலத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. சட்டத்தின் 4(4) பிரிவுப்படி கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும். விசாரணை முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்கிறது 4(5). அரசு வீட்டுத் திட்டத்துக்கு இடம் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. யானை காப்பியை மிதித்தால் இழப்பீட்டு மனுவோடு இணைக்க அதே காகிதம். கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் மட்டும் ஒரு தடங்கல் வரும். அடமானம் வைக்க முடியாத பட்டா என்று திருப்பி அனுப்புவார்கள். 2025 ஜனவரி முதல் விவசாயக் கடன் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி என்பதை அங்கே எடுத்துச் சொல்லுங்கள்.

இவ்வளவும் நல்லதுதான். ஆனால் காப்பி பறிப்பு வருடத்துக்கு ஒரு பருவம். மற்ற மாதங்களில் அந்த வீட்டுக்குள் காசாகவும் தண்ணீராகவும் வெளிச்சமாகவும் வருபவை ‘ஏ’ படிவத்தில் இல்லை.

தேனை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 3(1)(c) பிரிவு சிறு வன மகசூலைச் சேகரிக்கும் அனுமதியை மட்டும் தரவில்லை. அதன் உடைமையையே தருகிறது. சேகரிக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம். மூங்கில், பிரம்பு, தேன், மெழுகு, மூலிகை, கிழங்கு எல்லாம் இதில் அடங்கும். மரம் அடங்காது, வேட்டை அறவே கிடையாது. 2012 செப்டம்பரில் திருத்திய விதிகள், இதற்குக் கட்டணமோ ராயல்டியோ வாங்கக்கூடாது என்றும், சரக்கைத் தகுந்த வாகனத்தில் காட்டுக்கு வெளியே கொண்டுபோகலாம் என்றும், அதற்கான போக்குவரத்துச் சீட்டை கிராம சபை அமைக்கும் காடு பாதுகாப்புக் குழுவோ சபை அதிகாரம் தந்த நபரோ கொடுக்கலாம் என்றும் சொல்கின்றன. சோதனைச் சாவடியில் கேன் பறிபோவது பெரும்பாலும் இந்தச் சீட்டு இல்லாததால்தான். ஒரு ரசீதுப் புத்தகம் அச்சடியுங்கள். நாள், எடுத்தவர் பெயர், சரக்கு, எடை, எங்கிருந்து எங்கே, வண்டி எண், குழுத் தலைவர் கையெழுத்து, சபை முத்திரை. அடிக்கட்டை ஊரிலேயே இருக்கட்டும். ‘பி’ படிவத்தில் உரிமை அங்கீகாரமான பிறகே இந்தச் சீட்டுக்கு முழு பலம் வரும் என்பதால்தான் ‘பி’யைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறோம்.

உரிமை வந்தாலும் அளவையில் ஏமாந்தால் பயனில்லை. தேன் தண்ணீரை விடக் கனமானது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ நிற்கும். 10 லிட்டர் கேன் நிறைந்தால் 14 கிலோ. 750 மில்லி பாட்டிலே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். பாட்டிலை முக்கால் கிலோ என்று எண்ணி வாங்கிக்கொண்டு, டவுனில் கிலோ கணக்கில் விற்பவருக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் சுமார் 300 கிராம் சும்மா கிடைக்கிறது. பாறையில் கயிற்றில் தொங்கி எடுத்தவருடைய கூலி அது. ஊருக்கு ஒரு எலெக்ட்ரானிக் தராசு வாங்கி, முத்திரை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லிட்டர் பேச்சே வேண்டாம்.

தேன் புளித்துப் போவதும் விலையை விழுத்தும். மலைத்தேனீயின் அடையில் தேன் நிற்பது பாறையோடு ஒட்டிய மேல் மூலையில், தடித்த பகுதியில். கீழே தொங்குவது புழு அடை. முழு அடையையும் அறுத்துப் பிழிந்தால் புழுவும் மகரந்தமும் சேர்ந்து சில வாரத்தில் நுரை தட்டும், கேனின் மூடி உப்பும். தேன் பகுதியை மட்டும் அறுத்து, துண்டாக்கி, துணியில் வைத்துப் பிழியாமல் தானாக வடியவிடுங்கள். மூடி போட்ட அறையில் இருப்பதே முற்றிய தேன், மூடாத அறைத் தேனைத் தனியாக வைத்து வீட்டுக்கு முதலில் செலவழியுங்கள். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ரெஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் கருவியில் ஒரு சொட்டு விட்டால் ஈரம் தெரிந்துவிடும், நாலு ஊர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். பூச்சிமருந்துக் கேனையும் பெயின்ட் டப்பாவையும் எவ்வளவு கழுவினாலும் தேனுக்கு எடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர், பாதை, விளக்கு. சட்டத்தின் 3(2) பிரிவை நம் குழுக்களில் பலர் படித்ததே இல்லை. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின் கம்பியும் தொலைபேசிக் கம்பியும், குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேமிப்பு, சிறு வாய்க்கால், சோலார் போன்ற மாற்று எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம் என்று 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தைத் தரலாம். ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இதற்கு 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் போய் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் எப்படி இருந்தாலும் இதைச் செய்யலாம் என்றே 3(2) தொடங்குகிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், ரோடு, குழாய், கம்பி மூன்றையும் ஒரே தீர்மானத்தில் எழுதிவிடுகிறோம். மொத்தப் பரப்பு ஒரு ஹெக்டேரைத் தாண்டிவிட்டது என்று மனு திரும்பிவிடும். வசதிக்கு ஒரு தீர்மானம், தனித்தனிக் கணக்கு என்று போடுங்கள். குழாய்க்குப் பரப்புக் கணக்கு மிகச் சிறியது. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அரை மீட்டர் அகலம் தோண்டினாலும் 500 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேரில் இருபதில் ஒரு பங்கு.

அனுமதி கிடைத்துக் குழாய் போட்ட பிறகும் தண்ணீர் வராத ஊர்கள் உண்டு. ஓடையில் குழாய் வாயை நேரே போடாமல், சின்னத் தொட்டி கட்டி வலை வைத்து, மணல் படிய இடம் விடுங்கள். குழாய் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று அடைத்துக்கொள்ளும், அந்த மேட்டு உச்சியில் ‘T’ வடிவக் குழாய் இணைப்பு ஒன்று போட்டுக் காற்று வெளியேறும் வால்வு வையுங்கள். தாழ்ந்த இடத்தில் சேறு கழுவிவிட ஒரு வால்வு. மண்ணுக்கு மேலே கிடக்கும் கறுப்புக் குழாயை யானை மிதித்துவிடும், காட்டுமாடு கொம்பால் இழுக்கும். இரண்டடி ஆழத்தில் புதைப்பதே பாதுகாப்பு. குழாய் வாசலுக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் குடத்தோடு ஓடைக்கு ஏறி இறங்குவது நின்றுபோகும். அதிகாலையில் கரடி நடமாட்டம் பற்றிய பயமும் தண்ணீர் விஷயத்தில் தீர்ந்துவிடும்.

‘ஏ’ படிவத்தில் அடிக்கடி நடக்கும் பிழைகளையும் சொல்லிவிடுகிறோம். முதலாவது பரப்பு. சரிவில் நாடா பிடித்து அளந்தால் வரும் நீளம் வேறு, வரைபடத்தில் விழும் நீளம் வேறு. 30 டிகிரிச் சரிவில் 100 மீட்டர் நாடா, ஜி.பி.எஸ்.ஸில் 87 மீட்டராகத்தான் காட்டும். அதனால் நீங்கள் ஒரு ஏக்கர் என்று எழுதியது அளவையில் 87 சென்ட் ஆகி, மனுவும் அளவையும் பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பு விழும். ஆகவே எல்லையை ஜி.பி.எஸ். கருவியோடு நடந்து, ஒவ்வொரு மூலையிலும் ஓரிரு நிமிடம் நின்று புள்ளி எடுங்கள். அடர்ந்த மரத்தடியில் சில மீட்டர் தவறு வரும் என்பதால், மூலைகளைப் பாறை, ஓடை, மரம் என்று அடையாளத்தோடும் எழுதுங்கள். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். படிவத்தில் ஹெக்டேரும் அடைப்பில் ஏக்கரும் எழுதினால் குழப்பம் இராது. இரண்டாவது, மனைவி பெயரை விட்டுவிடுவது. பட்டா வந்த பிறகு சேர்ப்பது பெரும்பாடு, படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது ஆதாரம். விதி 13 ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் கேட்கிறது, ஆனால் எந்த வகை என்று யாரும் வற்புறுத்தக்கூடாது என்று 12அ விதி சொல்கிறது. ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது ஒரு வகை. கல் அடுக்கிய வரப்பு, மண் அணை, வீடு, பழைய காப்பிச் செடி இன்னொரு வகை. கிணறு, இடுகாடு, சாமி இடம் மற்றொன்று. மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவரின் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஆதாரம். வனத்துறை எப்போதோ போட்ட அபராத ரசீதைப் பயந்து கிழித்துவிடாதீர்கள். அதைக் காரணம் காட்டி மட்டும் மனுவைத் தள்ள முடியாது, அந்தத் தேதியில் நீங்கள் அந்த நிலத்தில் இருந்தீர்கள் என்பதை அதே ரசீது காட்டுகிறது. செயற்கைக்கோள் படத்தில் காடாகத் தெரிகிறது என்பதும் மற்ற ஆதாரங்களுக்கு மாற்றாகாது. நிழல் மரத்தடியில் வளரும் காப்பித் தோட்டம் மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும்.

புலையர் குடும்பங்களுக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. பட்டியல் சாதியில் வருவதால் அவர்கள் பிற பாரம்பரிய வனவாசிகளாக மனு செய்ய வேண்டும், 2005 டிசம்பர் 13க்கு முன் 75 வருடம், அதாவது மூன்று தலைமுறை, அந்தப் பகுதியில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். 75 வருடம் என்பது குடியிருப்புக்குத்தான், அந்தக் குறிப்பிட்ட துண்டு நிலத்தைப் பயிர் செய்ததற்கு அல்ல. இதை அலுவலகங்களிலும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள், திருத்திச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி வரையிலான வம்சாவளி வரைபடமும் இடுகாட்டின் படமும் இங்கே பலமான ஆதாரங்கள்.

சபைக் கூட்டம் சரியாக நடக்காததால் தள்ளப்படும் மனுக்களும் உண்டு. சபை உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், மனுதாரர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். இந்த மூன்று எண்ணிக்கையையும் தீர்மானத்திலேயே எழுதி, கையெழுத்துகளை வாங்குங்கள். ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் பாதிப் பேரைத் திரட்டுவது மலையில் நடக்காத காரியம், பளியர் குரலும் அங்கே அமுங்கிவிடும். அளவை செய்யப்படாத குடியிருப்பும் இந்தச் சட்டத்தின்படி ஊர்தான் என்று 2(p) பிரிவு சொல்கிறது. குடியிருப்பு அளவில் சபை கூட்ட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

கள ஆய்வுக்கு வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அவர்கள் வராமல் போய், பின்னால் அதையே காரணமாக்கி ஆட்சேபித்தால், மனு மறு ஆய்வுக்குச் சபைக்கே திரும்பி வரும். இரண்டாம் முறையும் வராவிட்டால் கள ஆய்வில் சபையின் முடிவே இறுதி.

‘சி’ படிவத்துக்குப் பெரியவர்கள்தான் நில அளவையர்கள். முதலில் தரையில் கோலமாவால் ஓடைகளைப் போட்டு, தேன் பாறை, கிழங்கு தோண்டும் இடம், மூலிகை எடுக்கும் இடம், சாமி இடம், இடுகாடு, பழைய குடியிருப்பின் கல் அடித்தளம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் பெயரிலேயே வையுங்கள். பிறகு இளைஞர்கள் அந்த இடங்களுக்கு நடந்து ஜி.பி.எஸ். புள்ளி எடுக்கட்டும். வனத்துறை காட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதியின் எண் (கம்பார்ட்மென்ட் எண்) தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டாலும் மனு செல்லும். பக்கத்து ஊரோடு காடு பொதுவாக இருந்தால், மனு போடும் முன்பே இரு குழுக்களும் கூடிப் பேசுங்கள். 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் ஊர் வருகிறதே என்று தயங்க வேண்டாம், சரணாலயமும் இந்தச் சட்டத்தின் வன நிலத்தில் அடக்கம். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு சமூகங்களும் மிகவும் பின்தங்கிய பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் தங்கள் பாரம்பரிய வாழிடத்துக்கே உரிமை கேட்கும் ‘வாழ்விட உரிமை’ என்ற தனி வழி அவர்களுக்கு உண்டு. பளியர் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நம் மலைக்கு ‘சி’ படிவம் இன்னும் முக்கியமாகிறது.

நிராகரித்தால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், வெறும் நடைமுறைக் குறை மட்டும் காரணமாகாது. சபை முடிவின் மீது உட்கோட்டக் குழுவுக்கும், அதன் முடிவின் மீது கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் 60 நாளுக்குள் முறையிடலாம். சட்டத்தின் 6ஆம் பிரிவு முடிவின் தேதியிலிருந்தே நாளை எண்ணுகிறது, அதனால் தாமதிக்காதீர்கள். கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று காட்ட உறையையும் பத்திரப்படுத்துங்கள். நிராகரிப்பைச் சும்மா விட்டுவிடுவது ஆபத்து. 2019 பிப்ரவரி 13 அன்று நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, பிப்ரவரி 28 அன்று அதை நிறுத்தி வைத்தது. அந்த இரண்டு வாரமும் நாடு முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் பயத்தில் இருந்தன. மேல்முறையீட்டு ரசீது கையில் இருப்பவர்களுடைய விசாரணை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

மூன்று படிவங்களுக்கும் பட்டா வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இறுதி வரைபடத்தை வருவாய்ப் பதிவேட்டிலும் வனப் பதிவேட்டிலும் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது விதி. தாலுகா ஆபீஸில் கணக்கில் ஏறிய நகலைக் கேட்டு, பட்டாவின் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் அன்றே மனு எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலோடு மலை ஏறுங்கள்.

இப்படிக்கு,
வன உரிமை மனுக்கள் எழுத உடனிருப்போர், பழனி மலை